நம் கிணற்றுக் கல்லின் வயது என்ன?



நெல்லியடிச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் வளவுக்கொரு கிணறு இருப்பதைக் காண்பீர்கள். கிணறு வெட்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள். மேலே சில அடி மண், அதன் கீழே மக்கி, அதற்கும் கீழே அலவாங்குக்கு இலேசில் மசியாத வெண்கல் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கல்லை வெடி வைத்துப் பிளந்தே நம் முன்னோர் தண்ணீர் கண்டார்கள். வெளியே கொட்டிய கற்களில் ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் சிப்பியின் அச்சும் சங்கின் சுருளும் அதில் தெரிவதுண்டு. கடலோ சில மைல்களுக்கு அப்பால். சிப்பி கிணற்றடிக்கு எப்படி வந்தது?

இதைப் பெரியவர்கள் கேட்க மறந்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு பழையது என்று பாடசாலையில் ஆசிரியர் கற்பிக்கிறார். ஞாயிறு மறைப்பாடசாலையில், இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்த வரலாற்றைப் பிள்ளை கேட்கிறது. இரண்டையும் கேட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து, “அப்பா, இதிலே எது சரி?” என்று நிற்கிறது.

அப்போது பெற்றோராகிய நாம் பெரும்பாலும் இரண்டு மறுமொழிகளில் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். “இப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்பது ஒன்று. “அது விஞ்ஞானிகள் குத்துமதிப்பாகச் சொல்வது” என்பது மற்றது. முதலாவது பிள்ளையின் வாயை அடைக்கிறது. இரண்டாவது அதைவிட ஆபத்தானது. உயர்தர வகுப்பிலோ பல்கலைக்கழகத்திலோ அது குத்துமதிப்பு அல்லவென்று பிள்ளை ஒருநாள் கண்டுகொள்ளும். அன்றைக்கு, “இதில் பிழையாகச் சொன்ன அப்பா அம்மா, கடவுளைப் பற்றிச் சொன்னது மட்டும் எப்படிச் சரியாகும்?” என்று அது நினைத்தால் குற்றம் யாருடையது?

ஆகவே கல்லின் வயதை விஞ்ஞானிகள் எப்படிக் காண்கிறார்கள் என்பதை நாமே முதலில் படித்துக்கொள்வோம். பாடம் கடினமானதன்று. சற்றுப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் வரிசை, பிறகு வயது

வைக்கோற் போரை எண்ணிக்கொள்ளுங்கள். சென்ற போகத்து வைக்கோல் அடியில் இருக்கும். இந்தப் போகத்து வைக்கோல் மேலே இருக்கும். யாரும் போரைப் புரட்டிப் போடாதவரை இந்த வரிசை மாறாது. பாறைப் படைகளும் இவ்வாறே. கடலடியிலும் ஆற்றடியிலும் சேறும் மணலும் ஓடுகளும் படிந்து இறுகி அடையற்பாறை ஆகின்றன. கீழே உள்ள படை மூத்தது. மேலே உள்ள படை இளையது.

இந்த எளிய விதியை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் யார் தெரியுமா? நமது திருச்சபையின் ஆயர் ஒருவர். நிக்கலஸ் ஸ்டெனோ 1638இல் டென்மார்க் நாட்டின் கொப்பன்ஹேகன் நகரில் லூத்தரன் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மருத்துவம் கற்று, உடலமைப்பு ஆராய்ச்சியில் பெயர்பெற்று, இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு வந்தார். 1666இல் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை அவரிடம் ஆய்வுக்கு வந்தது. அதன் பற்களைப் பார்த்ததும் அவருக்கு மால்ட்டாத் தீவின் “நாக்குக் கற்கள்” நினைவுக்கு வந்தன. புனித பவுல் அந்தத் தீவில் கரையொதுங்கியபோது பாம்பு அவரைத் தீண்டியும் தீங்கு நேராத வரலாற்றை நாம் அறிவோம். அந்த நாக்குக் கற்கள் அன்று கல்லாகிப்போன பாம்புகளின் நாக்குகளே என்று அக்கால மக்கள் நம்பியிருந்தார்கள். ஸ்டெனோ பல்லையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவை பழைய சுறாக்களின் பற்களே என்று காட்டினார். அப்படியானால் அவை கிடக்கும் மலைப்பாறை ஒருகாலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டும்.

1667இல் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்த ஸ்டெனோ, 1669இல் தமது நூலில் பாறைப் படைகளின் விதியை வெளியிட்டார். 1675இல் குருவானார், 1677இல் ஆயராக நியமனம் பெற்று வட ஜேர்மனியின் ஏழை விசுவாசிகளிடையே உழைத்து 1686இல் இறந்தார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி அவரை முத்திப்பேறு பெற்றவர் வரிசைக்கு உயர்த்தினார். கல்லை ஆராய்ந்தால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இந்த ஆயரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

உயிர்ச்சுவடு என்னும் சாட்சி

வரிசை தெரிந்துவிட்டது. ஆனால் நெல்லியடியில் உள்ள படையும், கடலுக்கு அப்பால் கேரளத்தில் உள்ள படையும் ஒரே காலத்தவையா என்று எப்படி அறிவது? இரண்டையும் ஒரே போரில் அடுக்கிப் பார்க்க முடியாதே.

இங்கேதான் உயிர்ச்சுவடுகள் உதவுகின்றன. கந்தரோடையில் மண்ணைத் தோண்டும்போது ஒரு பழைய நாணயம் கிடைத்தால், அந்த நாணயம் எந்த அரசனுடையது என்பதைக் கொண்டு அந்த மண்படையின் காலத்தை மதிப்பிடுகிறோம். உயிர்ச்சுவடுகளும் நாணயம் போன்றவை. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வகை உயிர்கள் கடலில் வாழ்ந்து மறைந்தன. சில இனங்கள் குறுகிய காலமே வாழ்ந்தன. ஆனால் நெடுந்தூரம் பரவியிருந்தன. அவை கிடைக்கும் படைகள் எங்கிருந்தாலும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைகளை அளவையிட்ட வில்லியம் சிமித் என்பவர் இதைக் கண்டு, 1815இல் தமது நாட்டின் பாறைப்படம் ஒன்றையே வரைந்து வெளியிட்டார்.

நமது கல்லுக்கும் இந்த வழியில்தான் காலம் காணப்பட்டது. ஈ. ஜே. வேலண்ட், ஏ. எம். டேவிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1923இல் இலங்கையின் மயோசீன் பாறைகளைப் பற்றி இலண்டன் புவியியற் சங்கத்தின் ஏட்டில் விரிவாக எழுதினார்கள். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லும், தென்கிழக்குக் கரையில் யால வனத்தை அடுத்த மினிஹகல்கந்தைப் பாறையும் அதில் ஆராயப்பட்டன. நமது கல்லில் காணப்படும் சுவடுகளில் முக்கியமானது ஒருகலவுயிர் ஒன்றின் ஓடு. காசு போலத் தட்டையானது. சில மில்லிமீற்றர் அகலமே உள்ளது. மலையாளக் கரையின் பெயரால் அதற்கு “மலபாரிக்கா” என்று பெயர். கேரளத்தின் கொல்லம் பகுதிச் சுண்ணாம்புக்கல்லிலும் அதே ஓடு உண்டு. கொல்லத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே காலத்தில் ஆழமற்ற, வெதுவெதுப்பான, தெளிந்த கடல் பரவியிருந்தது என்பதற்கு அது சாட்சி. மயோசீன் காலத்தின் முற்பகுதியில், பேர்டிகாலியன் என்று பெயரிடப்பட்ட பருவத்தில் இவ்வினம் வாழ்ந்தது.

ஆனால் கவனியுங்கள். இதுவரை நாம் ஆண்டுக்கணக்கு ஒன்றையும் சொல்லவில்லை. எது முந்தியது, எது பிந்தியது, எதுவும் எதுவும் ஒரே காலத்தவை என்பதே தெரிந்தது. அண்ணன் யார், தம்பி யார் என்று தெரிந்தாலும் பிறந்த திகதி தெரியாத குடும்பம் போன்ற நிலை இது. திகதியைச் சொல்ல வேறொரு மணிக்கூடு தேவைப்பட்டது.

அணுவுக்குள் ஒரு மணிக்கூடு

1896இல் பிரான்ஸ் நாட்டின் ஹென்றி பெக்கரல், யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் தாமாகவே வெளிப்படுவதைக் கண்டார். இதையே கதிர்த்தொழிற்பாடு என்கிறோம். சில வகை அணுக்கள் நிலைத்து நிற்பதில்லை. அவை தாமாகச் சிதைந்து வேறொரு மூலகத்தின் அணுக்களாக மாறுகின்றன. யுரேனியம் படிப்படியாக மாறி இறுதியில் ஈயம் ஆகிறது. பொற்றாசியத்தின் ஒரு வகை ஆகன் வாயுவாக மாறுகிறது.

இந்த மாற்றத்தின் வேகம் நிலையானது. பாறைக்குள் உள்ள வெப்பமோ அழுக்கமோ அதைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆயிரம் அணுக்கள் இருந்தால் குறித்த ஒரு காலத்தில் ஐந்நூறு மாறிவிடும். அதே அளவு காலம் மறுபடியும் கழிந்தால் மீதியில் பாதி மாறி 250 எஞ்சும். மூன்றாம் முறை 125. இவ்வாறு பாதியாவதற்கு எடுக்கும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். யுரேனியம் 238க்கு அது ஏறத்தாழ 447 கோடி ஆண்டு. யுரேனியம் 235க்கு 70 கோடி ஆண்டு. பொற்றாசியம் 40க்கு 125 கோடி ஆண்டு. பாறை இறுகியபோது அதற்குள் அடைபட்ட தாய் அணுக்களில் எத்தனை எஞ்சியுள்ளன, அவற்றிலிருந்து பிறந்த சேய் அணுக்கள் எத்தனை சேர்ந்துள்ளன என்று எண்ணினால், இறுகி எத்தனை ஆண்டாயிற்று என்று கணக்கிடலாம்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே நாம் அறிவோம். சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தரான அவர் முதலில் புவிச்சரிதவியல் படித்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக இருந்தார். அவர் பதவியிலிருந்த 1904ஆம் ஆண்டில் தோரியனைற்று என்ற கனத்த கரிய கனிமம் இந்த நாட்டில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. தோரியமும் யுரேனியமும் நிறைந்த கனிமம் அது. அவை சிதையும்போது ஹீலியம் வாயு உண்டாகிறது. இங்கிலாந்தின் ஆர். ஜே. ஸ்ட்ரட் என்ற அறிஞர் இலங்கைத் தோரியனைற்றுக்குள் அடைபட்ட ஹீலியத்தை அளந்து கல்லின் வயதைக் காண முற்பட்டார். வாயு மெல்லக் கசிந்துவிடுவதால் அவ்வழியில் கிடைத்தது குறைந்தபட்ச வயதே. எனினும் கல்லுக்குள் மணிக்கூடு உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

காபன் எங்கே உதவும், எங்கே உதவாது

“காபன் வைத்துப் பார்த்து வயது சொல்கிறார்கள்” என்று நம்மிற் பலர் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்வதுண்டு. இது சரியன்று.

வானத்தின் மேல்மண்டலத்தில் விண்கதிர்கள் மோதுவதால் நைதரசனிலிருந்து காபன் 14 என்ற நிலையற்ற காபன் சிறிதளவு உண்டாகிறது. மரஞ்செடிகள் அதைக் காற்றோடு உள்வாங்குகின்றன. அவற்றை உண்ணும் விலங்குகளுக்கும் மனிதருக்கும் அது சேர்கிறது. உயிர் உள்ளவரை வரவும் செலவும் ஈடாகும். உயிர் போன நாளிலிருந்து வரவு நின்று செலவு மட்டும் தொடர்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டு. மீதியை அளந்தால் இறந்த காலம் தெரியும். அமெரிக்காவின் வில்லார்ட் லிபி 1949இல் இம்முறையை நிறுவி, 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

இதனால் பயன்பெற்ற இடங்கள் நம் நாட்டில் பல. 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் கந்தரோடையில் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டுகளுக்குக் காபன் முறையில் காலம் காணப்பட்டது. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்தமை அதனால் உறுதியாயிற்று. களுத்துறை மாவட்டத்தின் பாகியங்கலைக் குகையில் மனிதர் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததும் இவ்வாறே தெரியவந்தது.

ஆனால் நம் கிணற்றுக் கல்லுக்கு இம்முறை உதவாது. பத்து அரைவாழ்வுக் காலம், அதாவது 57,300 ஆண்டு கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு அப்பால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டு கோடி ஆண்டுக் கல்லைக் காபனால் அளப்பது, நகைக்கடைத் தராசில் மாட்டுவண்டியை நிறுக்கப் போவது போன்றது. தராசில் குற்றமில்லை, ஏற்றிய பொருளே பொருந்தவில்லை.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் முருகைக்கற்கள் சில ஆயிரம் ஆண்டுகளே பழையவை. அவற்றுக்குக் காபன் முறை நன்கு பொருந்துகிறது. பார்வைக்கு அவையும் வெண்கல், நமதும் வெண்கல். வயதிலோ எவ்வளவு வேறுபாடு! கண்ணால் பார்த்துக் கல்லின் வயதைச் சொல்ல முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

புல்மோட்டை மணலில் உள்ள சாட்சி

மிகப் பழைய கற்களுக்கு உற்ற மணிக்கூடு சிர்க்கோன் என்னும் சிறிய பளிங்கு. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலில் இல்மனைற்றோடு இதுவும் கலந்து கிடக்கிறது. மாத்தறை வைரம் என்று நகைக்காரர் விற்றதும் நிறமற்ற சிர்க்கோன்தான். உருகிய பாறை குளிர்ந்து சிர்க்கோன் பளிங்காகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுதாக விலக்கிவிடும். ஆகவே பிற்காலத்தில் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியத்திலிருந்து பிறந்ததே. உண்டியலை வெறுமையாக வைத்துப் பூட்டினால், பிறகு அதிலிருக்கும் காசெல்லாம் பூட்டிய பின் விழுந்ததே என்று துணிந்து சொல்லலாம் அல்லவா?

யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் மிக ஆழத்திலும், வன்னி முதல் மலைநாடு வரை நிலத்துக்கு மேலும் காணப்படும் கடும்பாறைகளின் வயது இவ்வாறே காணப்பட்டது. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒரே பெருநிலமாக நெருங்கியிருந்த காலத்தில், பெரும் வெப்பத்தாலும் அழுக்கத்தாலும் அப்பாறைகள் உருமாறின. அவற்றுள் புதைந்த சிர்க்கோன் மணிகள் சில 200 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை.

இன்னொரு செய்தி நமக்குப் பெருமை தருவது. வயது அளக்கும் நுண்கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, முன்பே வயது துல்லியமாகத் தெரிந்த கல் ஒன்று வேண்டும். கடைக்காரரின் படிக்கல்லைப் போன்றது அது. இலங்கையிலிருந்து எடுத்த, சுமார் 56 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கோன் கற்களை உலகின் பல ஆய்வுகூடங்கள் அத்தகைய படிக்கல்லாகப் பயன்படுத்தி வந்துள்ளன.

நமது கல்லுக்கு ஆண்டுக்கணக்கு வந்த வழி

சுண்ணாம்புக்கல் உருகிய பாறையிலிருந்து பிறந்ததன்று. ஓடுகளும் முருகையும் படிந்து உண்டானது. ஆகவே அதில் தனக்கென்று சிர்க்கோன் மணிக்கூடு இல்லை. பிறகு இரண்டு கோடி ஆண்டு என்பது எப்படித் தெரிந்தது?

உலகின் வேறு பகுதிகளில், இதே மயோசீன் காலத்து உயிர்ச்சுவடுகளைக் கொண்ட கடற்படைகளுக்கு இடையிடையே எரிமலைச் சாம்பற் படைகள் உண்டு. சாம்பலில் உள்ள கனிமங்களுக்கு அணு மணிக்கூட்டால் வயது சொல்லலாம். கீழ்ச்சாம்பலின் வயதும் மேற்சாம்பலின் வயதும் தெரிந்தால், நடுவே உள்ள சுவடுகளின் காலமும் அவற்றுக்கிடையில் அகப்படுகிறது. இவ்வாறு பேர்டிகாலியன் பருவம் ஏறத்தாழ 2 கோடியே 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்ததென்று வரையறுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு, அதே ஆண்டில் பிறந்த நம் பிள்ளையின் வயதை அறிவது போன்றது இது.

வேறொரு வழியும் உண்டு. கடல்நீரில் கரைந்துள்ள துரந்தியம் என்ற மூலகத்தின் வகைகளுக்கிடையே உள்ள விகிதம் காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போது அன்றைய கடலின் விகிதத்தை அப்படியே பதித்துக்கொள்கிறது. மயோசீன் காலக் கடற்படைகளின் வயதை அறிய இது பெரிதும் உதவுகிறது.

மணிக்கூடு பிழைக்காதா?

பிழைக்கும். கல் மறுபடி சூடேறினால் ஆகன் வெளியேறி வயது குறைந்து தோன்றும். புதிய வேரோ நிலத்தடி நீரோ கலந்தால் காபன் கணக்குக் குழம்பும். ஆகவேதான் ஆய்வாளர்கள் ஒரே மணிக்கூட்டை நம்பியிருப்பதில்லை. சிர்க்கோனில் யுரேனியத்தின் இரு வகைகளும் வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு மணிக்கூடுகள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்புகிறார்கள். வேறுபட்டால் காரணம் தேடுகிறார்கள். காபன் கணக்கை மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் அறியாத மூன்று சாட்சிகள் ஒரே விடயத்தைச் சொன்னால் நீதவான் அதை எளிதில் தள்ளமாட்டார் அல்லவா?

விஞ்ஞானம் தன் தவறுகளைத் திருத்தியும் வந்துள்ளது. கெல்வின் பிரபு என்ற பெரும் அறிஞர், பூமி குளிர்ந்துவரும் கணக்கைக் கொண்டு அதன் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு வரை என்று 1897இல் சொன்னார். அது சரியென்றால் பூமிக்கும் நம் கிணற்றுக் கல்லுக்கும் ஏறக்குறைய ஒரே வயதாகிவிடும்! பூமியின் உள்ளே கதிர்த்தொழிற்பாட்டால் வெப்பம் பிறப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 1956இல் கிளயர் பற்றர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று கண்டார். இன்றுவரை அந்தக் கணக்கு நிலைத்து நிற்கிறது.

ஆதியாகமம் என்ன சொல்ல வந்தது?

இனி விசுவாசத்தின் பக்கம் வருவோம். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வேதாகமத்தில் எங்கும் எழுதப்பட்ட எண் அன்று. அயர்லாந்தின் அங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர், வம்ச அட்டவணைகளைக் கூட்டிப் பார்த்து 1650இல் வெளியிட்ட கணக்கு அது. பிற்காலத்தில் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அதை அச்சிட்டதால் வேதவாக்குப் போலத் தோன்றிவிட்டது. கத்தோலிக்க திருச்சபை அதை விசுவாச சத்தியமாகக் கற்பித்ததில்லை.

புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆதியாகமத்தைப் பற்றிய தமது நூலில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். வானம், பூமி முதலியவற்றைப் பற்றிப் பிற மதத்தவரும் நன்கறிந்த விடயங்களில், வேதாகமத்தின் பெயரைச் சொல்லிக் கிறிஸ்தவர் அறியாமையாகப் பேசினால், நித்திய வாழ்வைப் பற்றி நாம் சொல்வதை அவர்கள் எவ்வாறு நம்புவார்கள் என்பதே அவருடைய கவலை. நெல்லியடியில் பிள்ளைக்கு மறுமொழி தேடும் பெற்றோருக்கென்றே அவர் எழுதியது போல இருக்கிறது.

1909இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில் பாப்பரசரின் வேதாகம ஆணைக்குழு, படைப்பு வரலாற்றின் “நாள்” என்ற சொல்லை இருபத்துநான்கு மணி நேரமாகவோ ஒரு காலப்பகுதியாகவோ அறிஞர் ஆராய்ந்து கொள்ளலாம் என்று அறிவித்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதாகம ஆசிரியர்கள் எந்த இலக்கிய வடிவில் எழுதினார்கள் என்பதைக் கவனித்தே பொருள்கொள்ள வேண்டும் என்றும், நமது மீட்புக்காக இறைவன் எழுதுவிக்க விரும்பிய உண்மையை அந்நூல்கள் தவறின்றிக் கற்பிக்கின்றன என்றும் போதித்தது. 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், உயிர்களின் படிமுறை வளர்ச்சி பற்றிய கொள்கை வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். அதேவேளை, ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவையும் இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்ற போதனையைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் எடுத்துரைத்தவாறே திருச்சபை உறுதியாகப் பற்றி நிற்கிறது.

அப்படியானால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் நமக்குக் கற்பிப்பது என்ன? உலகம் தானே தோன்றியதன்று. அன்பான இறைவனின் விருப்பத்தால் உண்டானது. படைப்பு நல்லது. சூரியனும் சந்திரனும் தெய்வங்களல்ல, அவரது கைவேலை. மனிதன், ஆணும் பெண்ணுமாக, அவரது சாயலைத் தாங்கியவன். ஓய்வுநாள் அவருக்குரியது. இவற்றில் ஒன்றைக்கூட எந்த மணிக்கூடும் பொய்யாக்கவில்லை, பொய்யாக்கவும் முடியாது. கல் எப்போது உண்டாயிற்று என்பதைச் சிர்க்கோன் சொல்லும். கல்லும் கடலும் நாமும் ஏன் இருக்கிறோம் என்பதைச் சொல்ல அதனால் இயலாது.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

“எது சரி?” என்று கேட்கும் பிள்ளையை அருகே இருத்தி இப்படிச் சொல்லுங்கள்: “இரண்டும் சரி, பிள்ளை. இந்தக் கல்லைக் கடவுள்தான் உண்டாக்கினார். எத்தனை காலம் எடுத்து உண்டாக்கினார் என்று கல்லைப் படித்தால் தெரியும். ஏன் உண்டாக்கினார் என்று வேதாகமத்தைப் படித்தால் தெரியும். இரண்டையும் நன்றாகப் படி.”

பிள்ளை மேலும் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். விஞ்ஞான ஆசிரியரிடமும் பங்குக் குருவானவரிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையை ஏசாத வீட்டில்தான் விசுவாசம் வேரூன்றும்.

இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதன் ஒருவனும் பார்த்திராத ஒரு கடலில், காசு வடிவ ஓட்டுக்குள் ஒரு சிற்றுயிர் வாழ்ந்து மடிந்தது. அதைப் போன்ற எண்ணிறந்த உயிர்களின் ஓடுகள் சேர்ந்த கல்லுக்குள்தான் மழைநீர் தங்கி, இன்று நம் வாளியில் குடிநீராக ஏறிவருகிறது. நாம் பிறப்பதற்கு எவ்வளவு காலம் முன்பே இறைவன் நமக்குத் தண்ணீர் வார்க்க ஆயத்தம் செய்திருக்கிறார்! அந்த எண்ணத்தோடு இன்று மாலை கிணற்றடிக்குப் போய், உடைந்த கல்லொன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது என்ற விதியை உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு பிள்ளைகளுக்கு விளக்குங்கள்.

2. கந்தரோடைக் கரித்துண்டுக்குப் பொருந்தும் காபன் முறை, நெல்லியடிக் கல்லுக்குப் பொருந்தாதது ஏன்?

3. ஆயர் ஸ்டெனோவின் வாழ்வில் ஆராய்ச்சியும் விசுவாசமும் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன?

4. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். அது இறைவனைப் பற்றியும் மனிதனைப் பற்றியும் கற்பிக்கும் உண்மைகள் எவை என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள்.